நடுவுல 13 வருஷத்தை காணோமுங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

நான் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதறேன். ரெண்டரை ஏக்கரு தக்காளி, மேட்டுல கொஞ்சம் மாமரம், உங்க பேப்பரை முப்பது வருஷமா படிக்கறவன். அமெரிக்கா சுதந்திரத்துக்கு 250 வருஷம் ஆச்சுன்னு மாணவர்கள் பக்கத்துல ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்க இல்லீங்களா, என் பேத்தி ஒன்பதாவது படிக்கறா, அதை கத்தரிச்சு நோட்டுல ஒட்டிட்டு நேரா என்கிட்ட வந்துட்டா. "தாத்தா, 1776-ல சுதந்திரம்னு ஒரு வரி, அடுத்த வரியிலயே வாஷிங்டன் ஜனாதிபதி ஆனாருன்னு போட்டிருக்கு, அப்ப அதே வருஷமா?" இல்ல கண்ணு, அவரு பதவி ஏத்தது 1789 ஏப்ரல் 30, நியூயார்க்லன்னு சொன்னேன். உடனே விரலை மடக்கி எண்ணிட்டு, "அப்ப நடுவுல 13 வருஷம் யாரு ஆண்டாங்க?"ன்னு கேட்டா பாருங்க, எனக்கு மோர் குடிச்சது பொறை ஏறிடுச்சு.

ஏன்னா அதுதான் கேள்வி. நான் அந்த காலத்துல பி.ஏ. வரலாறு படிச்சவன், அப்பா படுத்ததால நெலத்துக்கு வந்துட்டேன், படிச்சது மட்டும் விட்டுப்போவல. அந்த 13 வருஷத்தை நீங்க முழுங்கிட்டீங்க. மிச்சத்தை எல்லாரும் எழுதறாங்க, டீயை கடல்ல கொட்டுனது, மணி அடிச்சது, கையெழுத்து போட்டது. அதனால இந்த கடுதாசி கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல டீ விஷயத்துல ஒரு திருத்தம். பாஸ்டன் துறைமுகத்துல கொட்டுனது இந்தியாவுல வெளைஞ்ச டீன்னு போட்டிருக்கீங்க. அது சீனா டீங்க. கம்பெனிதான் நம்மளை ஆண்ட அதே கிழக்கிந்திய கம்பெனி, சரக்கு சீனாவுல இருந்து வந்தது. அஸ்ஸாம்ல டீ தோட்டம் போட்டு யாவாரம் பண்ண ஆரம்பிச்சதே 1830-க்கு மேலதான், இது நடந்தது 1773 டிசம்பர் 16 ராத்திரி. மூணு கப்பல், 342 பெட்டி. இன்னொரு விஷயம், வெலை ஏத்துனதால கோவப்பட்டாங்கன்னு நெனைக்கறோம் இல்லீங்களா, நெசத்துல அந்த வருஷம் வந்த சட்டத்தால டீ வெலை கொறையத்தான் செஞ்சுது. கம்பெனி குடோன்ல சரக்கு தேங்கி கெடந்துச்சு, அதை நேரா அமெரிக்காவுக்கு கொண்டுபோயி வித்துக்கோன்னு லண்டன்காரன் சலுகை குடுத்தான், ஆனா பவுண்டு எடைக்கு மூணு பென்னி வரியை மட்டும் எடுக்கல. சல்லிசா குடுத்து வரியையும் சேத்து முழுங்க வெக்கறான்னு சனங்களுக்கு புரிஞ்சு போச்சு, உள்ளூர் யாவாரிக்கும் கடத்தல் டீ வித்தவனுக்கும் பொழப்புல மண்ணு விழுந்துச்சு, அந்த கடுப்பும் சேந்துதான் பெட்டி தண்ணிக்கு போச்சு.

வரி எதுக்கு வந்துச்சுன்னா கடன். பிரெஞ்சுக்காரனோட ஏழு வருஷ சண்டை 1763-ல முடியறப்ப இங்கிலாந்து கடன் கிட்டத்தட்ட ரெட்டிப்பாயிடுச்சு, அமெரிக்காவுல பட்டாளத்தை வெச்சு உங்களைத்தான காப்பாத்துனோம் நீங்களும் குடுங்கன்னு கேட்டான், கேக்கறதுல ஞாயம் இல்லாம இல்ல. ஆனா கேக்கற சபையில இவங்க ஆளு ஒருத்தன் கூட இல்லையே. 1765-ல முத்திரை வரி போட்டான், பத்திரம், லைசென்ஸ், சீட்டுக்கட்டு, உங்க தொழிலு இருக்குதே செய்தித்தாளு, அதுக்கும் முத்திரை. பேப்பர்காரன் மேலயும் வக்கீலு மேலயும் ஒரே நாள்ல வரி போட்டா என்ன ஆவும், ரெண்டு பேரும் வாயாலயே பொழைக்கறவங்க, ஊரையே கூட்டிட்டாங்க. அடுத்த வருஷமே வாபஸ் வாங்குனான், வாங்குன கையோட உங்க மேல எந்த சட்டமும் போட எங்களுக்கு உரிமை இருக்குன்னு இன்னொரு சட்டத்தையும் போட்டான். இந்த புத்திதான் கெடுத்துது.

அப்புறம் நடந்ததை நீங்களே எழுதிட்டீங்க, நான் ஓட்டி விடறேன். 1774-ல பிலடெல்பியாவுல மொத காங்கிரஸ், அதாவது மாகாணத்து பிரதிநிதிங்க சபை, கூடுச்சு, ஜார்ஜியா மட்டும் வரல. 1775 ஏப்ரல் 19 லெக்சிங்டன்ல மொத துப்பாக்கி. 1776 ஜூலை 2-ம் தேதி தனியா போறதுன்னு ஓட்டு போட்டாங்க, 4-ம் தேதி ஜெபர்சன் எழுதுன அறிக்கையை ஒத்துக்கிட்டாங்க, கையெழுத்துல முக்கால்வாசி ஆகஸ்ட் 2-லதான் விழுந்துச்சு. அந்த காங்கிரஸ்ல இருந்த ஜான் ஆடம்ஸ் இனிமே வருஷா வருஷம் ஜூலை 2-ஐத்தான் கொண்டாடுவாங்கன்னு பொண்டாட்டிக்கு கடுதாசி போட்டாரு பாவம், ரெண்டு நாள் தள்ளிப் போயிடுச்சு.

இப்ப பேத்தி கேட்டதுக்கு வரேன்.

இதை சொல்லணும்னா எங்க ஏரி கதையை சொல்லாம முடியாதுங்க. எங்க ஏரிக்கு ஆறு ஊரு ஆயக்கட்டு. பாசன சங்கத்துல நான் நாலு வருஷம் பொருளாளரு. சங்கத்துல ஒரு விதி, ஊருக்கு ஒரு ஓட்டு, நூறு ஏக்கரு இருக்கற ஊருக்கும் ஒண்ணு, பதினஞ்சு ஏக்கரு ஊருக்கும் ஒண்ணு. பணம் எடுக்கணும்னா ஆறு ஊரும் கையெழுத்து போடணும். ஏக்கருக்கு 200 ரூபா வருஷ சந்தா, ஆனா குடுக்காதவனை ஒண்ணும் பண்ண முடியாது, வாங்க குடுங்கன்னு கேக்கலாம், அவ்வளவுதான். நான் நீட்டு நோட்டை கக்கத்துல வெச்சுக்கிட்டு சைக்கிள்ல போவேன், தெரு முனையில என் சைக்கிள் பெல்லு கேட்டதும் திண்ணையில இருந்தவன் உள்ள போயிடுவான், அந்தம்மா வந்து "அவரு மாரண்டள்ளி போயிருக்காருங்க"ன்னு சொல்லும், உள்ள இருமற சத்தம் எனக்கே கேக்கும்.

ஒரு வருஷம் ஐப்பசியில நல்ல மழை, ஏரி ரொம்புது, அன்னைக்குன்னு பாத்து பெரிய மதகு ஷட்டரோட திருகு ராடு முறிஞ்சு போச்சு, பலகை பாதியில சாஞ்சு நின்னுக்கிச்சு, தண்ணி ராவும் பகலும் போவுது. பட்டறைக்காரர் வந்து பாத்துட்டு 41,000 ஆவும்னாரு. சங்க கணக்குல இருந்தது 9,350. தலைமடை ஊர்க்காரங்க எங்க வயலுக்கு எப்பவும் தண்ணி வருது நாங்க எதுக்கு குடுக்கணும்னாங்க, கடைமடை ஊரு பெரியவரு எங்களுக்கு தண்ணி வந்து சேர்றதே இல்ல நாங்க எதுக்கு குடுக்கணும்னாரு. ரெண்டும் ஞாயம் மாதிரியே இருந்துச்சு! அஞ்சு ஊரு கையெழுத்து போட்டுச்சு, ஒரு ஊரு போடல, இருந்த 9,350-ஐ கூட எடுக்க முடியல. யூரியா சாக்குல மணலும் வைக்கோலும் ரொப்பி பத்து பேரு தண்ணிக்குள்ள எறங்கி அடைச்சோம், காலையில பாத்தா மூணு சாக்கு கால்வாய்ல கெடக்குது. பத்து நாள்ல முக்கால் ஏரி போயிடுச்சு.

அமெரிக்காவுல 1781-ல இருந்து 1789 வரைக்கும் இருந்தது எங்க சங்கம்தாங்க. பேரு மட்டும் கூட்டமைப்பு.

நான் வெளையாட்டுக்கு சொல்லல. 13 மாகாணமும் சேந்து ஒரு கூட்டமைப்பு ஒப்பந்தம் எழுதுனாங்க, 1777 நவம்பர்ல காங்கிரஸ் ஒத்துக்கிச்சு, ஆனா 13 மாகாணமும் தனித்தனியா ஒத்துக்கணும், மேரிலாந்து மட்டும் பிடிவாதம். வர்ஜீனியா மாதிரி பெரிய மாகாணமெல்லாம் மேக்கால இருக்கற நெலம் பூராவும் எங்களுதுன்னு சொல்லுது, அதை பொதுவுல விட்டாத்தான் கையெழுத்துன்னு நின்னாங்க (அந்த நெலத்துல ஏற்கனவே பூர்வகுடி சனம் குடியிருந்துச்சு, அவங்களை யாரும் கேக்கல). அதனால 1781 மார்ச் 1-லதான் அந்த ஒப்பந்தம் அமலுக்கு வந்துச்சு. அதாவது சண்டை கிட்டத்தட்ட முடியற நேரத்துல. அது வரைக்கும் காங்கிரஸ் சும்மா ஒரு நம்பிக்கையில ஓடிட்டு இருந்துச்சு.

விதியை கேளுங்க. மாகாணத்துக்கு ஒரு ஓட்டு, பெருசு சின்னது இல்ல. முக்கியமான முடிவுன்னா 13-ல 9 வேணும். விதியையே மாத்தணும்னா 13-ம் வேணும். நாட்டுக்கு ஜனாதிபதி கெடையாது, நீதிமன்றம் கெடையாது, காங்கிரஸ் தலைவருன்னு ஒருத்தரு இருந்தாரு, மீட்டிங்ல நடு நாற்காலியில உக்காரறதுதான் வேலை. வரி போட அதிகாரம் சுத்தமா இல்ல. இவ்வளவு குடுங்கன்னு மாகாணத்துக்கு கடுதாசி போடலாம். வந்தா வரவு. கேட்டதுல கொஞ்சம்தான் வந்துச்சு, பாதி பேரு மாரண்டள்ளி போயிட்டாங்க.

பணம் இல்லாம சண்டை எப்படி நடத்துனாங்கன்னா, நோட்டு அடிச்சாங்க. அடிச்சு அடிச்சு அது காகிதத்துக்கும் கீழ போயிடுச்சு. பிரான்சுகிட்ட கடன், ஹாலந்துகிட்ட கடன். பட்டாளத்துக்காரனுக்கு மாசக்கணக்கா சம்பளம் இல்ல. 1783 மார்ச்ல நியூபர்க்ங்கற எடத்துல ஆபீசருங்க எல்லாம் கூடி, காசு குடுக்கலன்னா நாங்க கலைய மாட்டோம்ங்கற மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாங்க, அது பட்டாளத்து ஆட்சி வரைக்கும் போயிருக்கும். தலைமைத் தளபதி வாஷிங்டன் நேரா வந்தாரு, பேசுனாரு, ஒருத்தர் மொவமும் எளகல. அப்புறம் ஒரு கடுதாசியை எடுத்து படிக்கலாம்னு பாத்தா எழுத்து தெரியல, பைக்குள்ள இருந்து கண்ணாடி எடுத்து மாட்டிக்கிட்டாரு, உங்க வேலையில முடியும் நரைச்சுப்போச்சு இப்ப கண்ணும் தெரிய மாட்டேங்குதுங்கற மாதிரி சொன்னாரு. அவரு கண்ணாடி போட்டு அதுவரைக்கும் அவங்க பாத்ததே இல்ல. அங்கயே சில பேரு அழுதுட்டாங்களாம். பேத்திகிட்ட இதை சொன்னப்ப அவ என் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு வாஷிங்டன் மாதிரி நடிச்சு காமிச்சா.

மூணு மாசம் கழிச்சு அதே வருஷம் ஜூன்ல சம்பளம் கேட்டு வந்த சிப்பாய்ங்க பிலடெல்பியாவுல காங்கிரஸ் கூடற கட்டடத்தையே சுத்தி நின்னுக்கிட்டாங்க. எங்களை காப்பாத்த படையை கூப்பிடுங்கன்னு காங்கிரஸ்காரங்க பென்சில்வேனியா மாகாணத்தை கேட்டாங்க, முடியாதுன்னுட்டாங்க. மூட்டையை கட்டிக்கிட்டு பிரின்ஸ்டன் போச்சு நாட்டோட அரசாங்கம். அங்கிருந்து அன்னபோலிஸ், அங்கிருந்து டிரென்டன், கடைசியா நியூயார்க். வாடகை வீடு மாத்தற மாதிரி.

எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, 1783 செப்டம்பர் 3 பாரிஸ்ல சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, இங்கிலாந்து ராஜா சுதந்திரம்னு ஒத்துக்கிட்டாரு, அதை இந்தப்பக்கம் காங்கிரஸ் ஒத்துக்கணும், அதுக்கு 9 மாகாணம் வேணும், ஆளு வரல! குளிர்காலம், ரோடு சரியில்ல, வீட்டுல வேலை. கோரம், அதாவது கூட்டம் நடத்த வேண்டிய ஆளு எண்ணிக்கை, இல்லாம உக்காந்திருந்து 1784 ஜனவரி 14-லதான் ஓட்டு போட முடிஞ்சுது. ஒரு பேரரசை தோக்கடிச்சவங்களுக்கு மீட்டிங்குக்கு ஆளு சேக்க முடியல. எங்க சங்கத்துக்கு கெடா வெட்டு இருந்தாத்தான் கோரம் வரும், அதை நான் தனியா எழுதணும்.

சரி, துறைமுகத்துல எறங்கற சரக்குக்கு நூத்துக்கு அஞ்சு வரி போட்டுக்கலாம்னு காங்கிரஸ் கேட்டுச்சு, கடன் அடைக்க. பெரும்பாலான மாகாணம் சரின்னுச்சு. ரோட் ஐலண்ட், இருக்கறதுலயே சின்னது, 1782-ல முடியாதுன்னுச்சு. போச்சு. மறுபடி 1783-ல கேட்டாங்க, இந்த தடவை நியூயார்க் ஒத்துக்கல, ஏன்னா நெறைய சரக்கு அவங்க துறைமுகத்துல எறங்குது, அந்த வரி அவங்க கல்லாவுல விழுது, எதுக்கு விடுவாங்க. எங்க தலைமடையும் கடைமடையும் நெனப்புக்கு வருதுங்களா?

நம்ம மாதிரி விவசாயிங்க கதை இதுக்கப்புறம்தான். மாசசூசெட்ஸ் மாகாணத்துக்கு சண்டை கடன். அதை அடைக்க விவசாயி மேல வரி, அதுவும் காகித நோட்டு செல்லாது, வெள்ளி காசாதான் குடுக்கணும்னுட்டாங்க. மேக்கால இருக்கற விவசாயிகிட்ட ஏது வெள்ளி காசு, கைமாத்து கணக்குல பொழைக்கறவன். அவங்கள்ல நெறைய பேரு பட்டாளத்துல இருந்து வந்தவன், சம்பளத்துக்கு பதிலா ஒரு சீட்டு குடுத்து அனுப்பிட்டாங்க, அந்த சீட்டையும் அவன் பசிக்கு அடிமாட்டு வெலைக்கு யாவாரிகிட்ட வித்துட்டான், இப்ப அந்த யாவாரிக்கு முழு வெலையும் வட்டியும் குடுக்கறதுக்குத்தான் இவன் மேல வரி. திருப்பி படிங்க ஐயா அந்த வரியை, நான் படிச்சப்ப புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு வெளிய போயி நின்னேன். மாடு ஜப்தி, நெலம் ஜப்தி, கட்ட முடியாதவன் ஜெயிலு. 1786 ஆகஸ்ட்ல கெளம்பிட்டாங்க. ஒண்ணும் கொள்ளை அடிக்கல, கோர்ட்டை நடக்க விடாம வாசல்ல போயி நின்னாங்க, கோர்ட்டு இல்லன்னா ஜப்தி இல்ல. தலைமை தாங்குனவங்கள்ல டேனியல் ஷேஸ்னு ஒருத்தரு, முன்னாள் கேப்டன், சுதந்திரத்துக்கு சண்டை போட்டவரு. 1787 ஜனவரி 25 ஸ்பிரிங்பீல்டு ஆயுதக் கிடங்கை புடிக்க போனாங்க, பீரங்கியால சுட்டதுல நாலு பேரு செத்தாங்க. அடக்கறதுக்கு படை அனுப்ப மாகாணத்துகிட்ட காசு இல்ல, காங்கிரஸ்கிட்டயும் இல்ல, பாஸ்டன் யாவாரிங்க சந்தா போட்டு படை அனுப்புனாங்க. அதுக்கு தளபதி பெஞ்சமின் லிங்கன். இந்த பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவாரு.

அதுல பயந்துதான் பெரிய மனுஷங்க எல்லாம் 1787 மே மாசம் பிலடெல்பியாவுல கூடுனாங்க. பழைய ஒப்பந்தத்துல ஓட்டை ஒடசலை பாருங்கன்னுதான் அனுப்புனாங்க, இவங்க கதவு சன்னல் எல்லாம் சாத்திக்கிட்டு, வேகற வெயில்ல, பேப்பர்காரன் யாரையும் விடாம, நாலு மாசத்துல புதுசா ஒரு அரசியல் சட்டத்தையே எழுதிட்டாங்க. வந்தது 55 பேரு, கையெழுத்து போட்டது 39. ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பல. அப்பவே அந்த பேரை திரிச்சு போக்கிரி ஐலண்டுங்கற மாதிரி கிண்டல் பண்ணியிருக்காங்க.

பெரிய மாகாணம் தலைக்கட்டு எண்ணி சீட்டு குடுன்னுச்சு, சின்ன மாகாணம் எல்லாருக்கும் ஒண்ணா குடுன்னுச்சு. கடைசியில கீழ் சபையில தலை எண்ணிக்கை, மேல் சபையில மாகாணத்துக்கு ரெண்டு சீட்டுன்னு முடிஞ்சுது. நம்ம ஊருல தொகுதி மறுவரையறை பத்தி பேசறவங்க இந்த சண்டையை ஒரு தடவை படிக்கலாம், நம்ம ராஜ்யசபாவுலயும் மாகாணத்துக்கு சமமா சீட்டு கெடையாது பாருங்க.

தலையை எண்ணறதுன்னு வந்ததும் தெக்கத்தி மாகாணங்க எங்க அடிமைங்களையும் எண்ணுங்கன்னு கேட்டாங்க. ஓட்டு குடுக்க இல்லீங்க, சீட்டு வாங்க. அஞ்சு அடிமைக்கு மூணு ஆளுன்னு கணக்கு முடிச்சாங்க. 1808 வரைக்கும் அடிமை எறக்குமதியை தடுக்க முடியாதுன்னும் எழுதுனாங்க. எல்லா மனுஷனும் சமம்னு அறிக்கை எழுதுன ஜெபர்சன் வீட்டுலயும் அடிமைங்கதான். இதையும் உங்க பெட்டிச் செய்தியில காணோம். நான் ரொம்ப யோக்கியன் மாதிரி பேசறேன், எங்க சங்கத்துலயும் ஓட்டு பட்டா இருக்கறவனுக்கு மட்டும்தான், வருஷா வருஷம் கால்வாய்ல எறங்கி சேறு வாரறது யாரு, பட்டா இல்லாத சனம்தான்.

ஆனா அந்த சட்டத்துல ஒரு வித்தை இருக்குதுங்க, எனக்கு அதுக்காகவே கையெடுத்து கும்புடலாம்னு தோணும். பழைய விதிப்படி மாத்தறதுக்கு 13-ம் ஒத்துக்கணும். இவங்க அதை சட்டையே பண்ணல, 9 மாகாணம் ஒத்துக்கிட்டா அந்த 9-க்குள்ள அமல்னு எழுதிட்டாங்க. அதாவது ஒருத்தன் கையெழுத்து போடலன்னு ஏரி காலியாவாது. அதே மாதிரி காங்கிரசுக்கு நேரா வரி போட அதிகாரம், மாகாணத்துகிட்ட கை நீட்ட வேண்டாம். எதுக்கு எதிரா 20 வருஷமா சண்டை போட்டாங்களோ அதே வரியை இப்ப இவங்களே போட உக்காந்தாங்க, ஒரே வித்தியாசம், போடறவனை இவங்க ஓட்டு போட்டு அனுப்பலாம். அந்த வித்தியாசத்தை ஒத்துக்க வெக்கறதுக்கு பத்து மாசம் ஊரு ஊரா பேச வேண்டியிருந்துச்சு.

அது நடந்தது எங்கன்னா உங்க தொழில்லதான், பேப்பர்ல. நியூயார்க்ல ஹாமில்டன், மாடிசன், ஜே மூணு பேரும் ஒரே புனைபேருல சட்டத்துக்கு ஆதரவா மொத்தம் 85 கட்டுரை எழுதுனாங்க, பெரும்பாலும் செய்தித்தாள்லதான் வந்துச்சு. எதிர்த்தவங்களும் வேற வேற பேருல எழுதுனாங்க, உரிமைக்கு உத்தரவாதம் எங்கன்னு கேட்டாங்க, பேசற உரிமை எழுதற உரிமை எல்லாம் 1791-ல சேத்தாங்கன்னா அது எதிர்த்து எழுதுனவன் போட்ட சத்தத்தாலதான். டெலவேர் மொத ஆளு, 1787 டிசம்பர் 7. ஒன்பதாவது நியூ ஹாம்ப்ஷயர், 1788 ஜூன் 21. நியூயார்க்ல 30-க்கு 27, மூச்சு முட்டி ஜெயிச்சுது. நம்ம ரோட் ஐலண்ட் வாஷிங்டன் பதவி ஏத்து ஒரு வருஷம் கழிச்சு, 1790 மே மாசம், உன் சரக்குக்கு வெளிநாட்டு வரி போடுவோம்னு மெரட்டுனதுக்கு அப்புறம், 34-க்கு 32-ன்னு உள்ள வந்துச்சு. நாம 1947-ல வாங்கி 1950-க்குள்ள சட்டத்தோட உக்காந்துட்டோம், அதை நெனைச்சா எனக்கு நம்மாளுங்க மேல மரியாதை கூடுது.

இன்னும் ஒரே ஒரு விஷயம், இதுக்காகத்தான் தர்மபுரிக்காரன் நான் எழுதணும்னு நெனைச்சேன். 1781 அக்டோபர் 19 யார்க்டவுன்ல வெள்ளைக்காரன் பட்டாளம் ஆயுதத்தை கீழ போட்டுச்சு இல்லீங்களா, தளபதி காரன்வாலிஸ். அவரு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வரவே இல்ல, கீழ இருந்தவரை அனுப்பி வாளை குடுக்க சொன்னாரு. வாஷிங்டன் நான் வாங்க மாட்டேன், எனக்கு கீழ இருக்கறவர்கிட்ட குடுன்னு கை காமிச்சாரு. அந்த கீழ இருக்கறவரு யாரு, விவசாயிங்களை அடக்கப் போன அதே பெஞ்சமின் லிங்கன்.

காரன்வாலிஸ் எங்க போனாரு? இங்க வந்தாரு. 1786-ல கவர்னர் ஜெனரல். திப்புவோட மூணாவது சண்டையை அவரே முன்னால நின்னு நடத்துனாரு, 1791-ல பெங்களூரை புடிச்சாரு, அதே வருஷம் நவம்பர்ல அவரு படையில ஒரு பிரிவு நம்ம கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில ஏறப் பாத்து மேல முடியாம எறங்குச்சு, பெங்களூர் ரோட்டுல போறப்ப சையத் பாஷா மலையை பாத்தா எனக்கு அந்த நெனப்புதான் வரும். அதுக்கு அடுத்த மாசம், 1791 டிசம்பர் 15, அமெரிக்காவுல நான் சொன்ன அந்த உரிமைக்கான பத்து திருத்தமும் சட்டமாச்சு. 1792-ல திப்பு பாதி ராஜ்ஜியத்தை குடுத்தப்ப பாராமகாலு, அதாவது நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி சீமை, கம்பெனி கைக்கு போச்சு. ரீடுன்னு ஒரு கேப்டனை அனுப்புனாங்க, அவருக்கு கீழ இருந்த மன்றோ தர்மபுரியில வந்து உக்காந்தாரு, காடு காடா அளந்தாங்க, பயிரு வெக்கறவன்கிட்டயே நேரா வரி, ரயத்துவாரின்னு நாம படிக்கறமே அது இங்க மொளைச்சதுதான். வரி போடறவனை நம்மாளு ஓட்டு போட்டு அனுப்பறதா, அந்த பேச்சே எழல. பாஸ்டன்ல டீயை இழந்த கம்பெனி, யார்க்டவுன்ல தோத்த தளபதி, ரெண்டும் சேந்து கணக்கு நேர் பண்ணுனது எங்க ஊரு மேட்டாங்காட்டுல.

இதுல ஒரு வேடிக்கை, 1782-ல பென்சில்வேனியாக்காரங்க ஒரு சண்டைக் கப்பலுக்கு ஹைதர் அலின்னே பேரு வெச்சாங்க. ஜோஷுவா பார்னின்னு ஒருத்தரு அதை ஓட்டிப்போயி, தன்னைவிட பெரிய வெள்ளைக்காரன் கப்பலை ஏப்ரல் 8-ல புடிச்சாரு. அன்னைக்கு நம்ம சீமையை ஆண்டது அந்த ஹைதர் அலிதான். இதை சொன்னதும் பேத்தி நம்பவே இல்ல, என்னை உத்து பாத்துட்டு அவங்கப்பாகிட்ட போயி போன்ல தேட சொன்னா, வந்து "நெசம்தான் தாத்தா"ன்னா. என் பேச்சுக்கு வீட்டுல அவ்வளவுதான் மரியாதை.

அதனால ஐயா, ரெண்டு திருத்தம் போடுங்க. டீ சீனா டீ. ஜனாதிபதி ஆனது 1789. எடம் இருந்தா நடுவுல ஒரு கூட்டமைப்பு இருந்துச்சு, அது காசு இல்லாம படுத்துச்சுன்னு ஒரு வரி. எங்க மதகுக்கு போன வருஷம்தான் புது ராடு போட்டோம், நாலு ஊரு ஒத்துக்கிட்டா போதும்னு விதியை மாத்துனதுக்கு அப்புறம், அந்த ஆறாவது ஊரு இன்னும் கோவத்துல இருக்குது. சங்கத்து ஆளுங்க உங்க பேப்பர்தான் படிக்கறாங்க, அதனால என் பேரை போடாதீங்க.

பேத்தி நோட்டுல அந்த பெட்டிச் செய்திக்கு கீழ நாலு வெரக்கடை எடம் விட்டு வெச்சிருக்கா, திருத்தம் வந்தா ஒட்டறதுக்கு. அதுக்குள்ள அடங்கற மாதிரி போட்டா போதுமுங்க.

இப்படிக்கு,
பாலக்கோடு வட்டாரத்து வாசகன்